ஒரு பிள்ளையின் புள்ளிகள் இன்னொரு வீட்டுப் போனில்

வெள்ளவத்தையில் தனியார் வகுப்பு நடத்தும் ஆசிரியை ஒருவரின் கடிதம் இது. பெயரையும் ஒழுங்கையையும் நீக்கி, சுருக்கித் தருகிறேன்.

தரம் 9 முதல் 11 வரை சுமார் 140 பிள்ளைகள் இவரிடம் கணிதமும் விஞ்ஞானமும் படிக்கிறார்கள். எட்டு மாதங்களுக்கு முன், இவரிடமே படித்த ஓர் இளைஞர் வகுப்புக்கென்று இணையத்தளம் ஒன்றைச் செய்து கொடுத்திருக்கிறார். பெற்றோர் லொகின் செய்து பிள்ளையின் புள்ளிகளையும் வரவையும் கட்டண நிலுவையையும் பார்க்கலாம். தேர்ச்சி அறிக்கையைப் பிடிஎஃப் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். தளம் மெதுவாகத் திறக்கிறது என்று பெற்றோர் குறைப்பட்டதால், போன மாதம் அந்த இளைஞர் "வேகம் கூட்டும் சேவை" ஒன்றைத் தளத்தோடு இணைத்தாராம்.

அதன் பிறகு நான்கு சம்பவங்கள். வரவேற்பு மேசைக் கணினியில் ஒரு தாய் விவரங்களைப் பார்த்துவிட்டு லொக்அவுட் செய்து எழும்பிப் போனார். அடுத்து வந்தவர் பேக் பட்டனை அழுத்தியதும் முன்னவருடைய பிள்ளையின் புள்ளிகளும் நிலுவையும் திரையில் வந்துவிட்டன. தெஹிவளையில் ஒரு தந்தை தன் வீட்டில், தன் போனில், தன் கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போனபோது வேறொரு பிள்ளையின் பெயரும் புள்ளிகளும் வந்தன. சில பெற்றோர் லொகின் செய்த உடனே மறுபடியும் லொகின் பக்கத்திலேயே வந்து நிற்கிறார்கள். கட்டணம் கட்டிய பிறகும் "செலுத்தப்படவில்லை" என்றே காட்டியதால் ஒருவர் இரண்டாம் முறையும் கட்டியிருக்கிறார்.

இளைஞர், "இது கேஷ் பிரச்சினை, பெற்றோரை கேஷை அழிக்கச் சொல்லுங்கள்" என்கிறார். ஆசிரியையின் அத்தானோ, யாரோ ஹெக் பண்ணியிருக்கிறார்கள், அந்தப் பொடியன் மேலேயே பொலிஸில் முறைப்பாடு கொடு என்கிறார். "நான் யாரை நம்புவது? தளத்தை மூடிவிடவா? பெற்றோருக்கு என்ன சொல்வது?" என்று கேட்டிருக்கிறார். நிலுவை வெளியே தெரிந்துபோன அந்தத் தாய் பிள்ளையை வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டாராம்.

டீச்சர்,

அந்தத் தாயைப் பற்றி நீங்கள் எழுதிய வரியை இரண்டு முறை வாசித்தேன். மூன்று மாத நிலுவை என்பது ஒரு வீட்டின் கஷ்டம். அது பக்கத்துக் கதிரையில் இருப்பவருக்குத் தெரிய வந்தால் யாருக்கும் பொறுக்காது. அவருடைய கோபம் நியாயமானது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணம் தொழில்நுட்பம் என்பதால் அது சின்ன விஷயம் ஆகிவிடாது.

அந்தத் தம்பி சொன்னதும் அத்தான் சொன்னதும் இரண்டுமே பாதி. கேஷ், அதாவது எங்கோ சேமித்து வைத்த பக்கப் பிரதி, என்பது உண்மை. ஆனால் பெற்றோர் தங்கள் போனில் எதை அழித்தாலும் தெஹிவளைத் தந்தைக்கு நடந்தது நிற்காது. ஹெக் செய்ததற்கான அடையாளம் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. ஆனால் ஹெக் செய்யாமலே தகவல் வெளியே போயிருக்கிறது. அதை இன்றே நிறுத்த வேண்டும். ஆகவே விளக்கத்துக்கு முன் வேலை.

இன்று மாலைக்குள்

வேகம் கூட்டும் சேவையில் தம்பி ஏதோ ஒரு விதி போட்டிருப்பார், "எல்லாப் பக்கங்களையும் சேமித்து வை" என்பது போல. அந்த விதி இருக்கும் திரையை முதலில் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், பிறகு தேவைப்படும். அடுத்து விதியை நிறுத்தி, அங்கே ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லுங்கள். விதியை மட்டும் நிறுத்தினால், முன்பு எடுத்த பிரதிகள் தங்கள் காலம் முடியும்வரை அங்கேயே கிடக்கும். மூன்றாவதாக, சேர்வரில் (தளம் இயங்கும் கணினியில்) உள்ள எல்லா லொகின் அமர்வுகளையும், அதாவது யார் உள்ளே வந்திருக்கிறார் என்ற பதிவுகளையும், ரத்துச் செய்ய வேண்டும். 140 வீட்டுக்காரரும் ஒருமுறை புதிதாக லொகின் செய்யவேண்டி வரும், பரவாயில்லை. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

இது முடிந்து சோதித்துப் பார்க்கும்வரை லொகின் பகுதியை மட்டும் மூடி வையுங்கள். வகுப்பு நேர அட்டவணையும் விடுமுறை அறிவிப்பும் எல்லாருக்கும் பொதுவானவை, அவை இருக்கட்டும். தளத்தை முழுதாக மூடத் தேவையில்லை.

ஒரே கணினியா, வேறு வீட்டுப் போனா?

உங்கள் நான்கு சம்பவங்களையும் ஒரே கேள்வியால் பிரிக்கலாம். இரண்டு பேரும் ஒரே இயந்திரத்தைத் தொட்டார்களா, இல்லையா?

வரவேற்பு மேசையில் இரண்டு பேரும் தொட்டது ஒரே கணினி. அங்கே பிரவுசர் தன்னிடம் வைத்திருந்த பிரதியைக் காட்டியிருக்கிறது. தெஹிவளைத் தந்தையின் போனை அந்த மற்றப் பிள்ளையின் பெற்றோர் தொட்டதே இல்லை. ஒருவர் பிரவுசரில் உள்ளது இன்னொருவர் பிரவுசருக்குத் தானாகத் தாவாது. அப்படியென்றால் அந்தப் பிரதி இருவருக்கும் நடுவில், பொதுவான ஓர் இடத்தில் இருந்திருக்க வேண்டும். உங்கள் கதையில் அந்த இடம் போன மாதம் வந்த வேகம் கூட்டும் சேவைதான் என்பது ஏறத்தாழ நிச்சயம். தம்பி இரண்டையும் ஒரே பெயரால் கேஷ் என்று அழைத்ததால்தான் உங்களுக்கும் பெற்றோருக்கும் குழப்பம்.

கேஷ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன் (கட்டணம் பற்றிய பேச்சுக்கு நடுவே அது காசு என்று காதில் விழுந்துவிடும்). ஒருமுறை வாங்கிய பக்கத்தை மறுபடி சேர்வரிடம் கேட்டு வாங்காமல் இருக்க, கைக்கெட்டிய இடத்தில் எடுத்து வைத்திருக்கும் பிரதி அது. பிரவுசருக்குச் சொந்தமாக ஒன்று உண்டு. வேகம் கூட்டும் சேவைகள் உலகத்தின் பல நகரங்களில் கணினிகளை வைத்து, அந்தந்த வட்டாரத்தில் கேட்பவர்களுக்குப் பக்கத்திலிருந்தே பிரதியைக் கொடுக்கும். உங்கள் சேர்வர் சிங்கப்பூரிலோ மும்பாயிலோ இருந்தால், இப்படிக் கொடுப்பதால் வேகம் நிச்சயம் கூடும்.

சிக்கல் இங்கே. இந்தப் பிரதிகளுக்குப் பெயர்ச் சீட்டாக இருப்பது பக்கத்தின் முகவரிதான். உங்கள் தளத்தில் எந்தப் பெற்றோர் உள்ளே வந்தாலும் முகப்புப் பக்கத்தின் முகவரி ஒன்றே. யார் வந்திருக்கிறார் என்பதைச் சொல்வது குக்கீ என்ற சின்ன அடையாளத் துண்டு. அது முகவரியில் வராது, கோரிக்கையோடு மறைவாகப் போகும். காலையில் முதலில் வந்த பெற்றோருக்காகச் சேர்வர் தயாரித்த பக்கத்தை நடுவிலுள்ள சேவை எடுத்து வைத்துக்கொண்டது. அடுத்து அதே முகவரியைக் கேட்ட தெஹிவளைத் தந்தைக்கு அதையே நீட்டிவிட்டது. உங்கள் சேர்வருக்கு அவர் வந்ததே தெரிந்திருக்காது. அதனால்தான் அங்குள்ள பதிவேட்டைப் பார்த்தால் "தவறாக எதுவும் நடக்கவில்லை" என்று தம்பிக்குத் தோன்றும்.

இங்கே பல நிரலாளர்களுக்கே தெரியாத ஒரு நுணுக்கம் உண்டு. இணையத்தின் கேஷ் விதிகளைச் சொல்லும் ஆவணம், 2022இல் வெளியான ஆர்எஃப்சி 9111. பிரவுசரே கடவுச்சொல் கேட்டு ஆதரைசேஷன் என்ற தலைப்பில் (தலைப்பு என்பது கோரிக்கையோடும் பதிலோடும் மறைவாகப் போகும் குறிப்பு வரி) அனுப்பும் பழைய முறையில் லொகின் செய்தால், அதற்கு வரும் பதிலை நடுவிலுள்ள பொதுக் கேஷ்கள், சேர்வர் வெளிப்படையாக அனுமதித்தால் ஒழிய, மற்றவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று அது சொல்கிறது. இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் பயன்படுத்தும் குக்கீ முறைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. புதிதாகக் குக்கீ ஒன்றைக் கொடுக்கும் பதிலைக்கூடச் சேமிக்க அந்த விதி தடை போடவில்லை. லொகின் இருக்கிறதே, கேஷ் தானாக விலகிக்கொள்ளும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அது விலகாது. சேர்வர் சொல்ல வேண்டும்.

தெஹிவளைத் தந்தையிடம் இதைக் கேளுங்கள்

இன்னொருவர் பெயர் வந்த அந்தப் பக்கத்தில் அவர் வேறு எதையாவது அழுத்தினாரா? அழுத்தியபோது தன் பிள்ளையின் விவரம் வந்ததா, அல்லது அந்த மற்றப் பிள்ளையாகவே தொடர்ந்து உள்ளே போக முடிந்ததா?

தன் பிள்ளைக்குத் திரும்பியிருந்தால், அவர் கண்டது சேமித்த பக்கம் ஒன்றை மட்டும். மற்றவராகவே தொடர முடிந்திருந்தால், பக்கத்தோடு சேர்த்து அந்த மற்றப் பெற்றோரின் குக்கீயும் பிரதியாக வந்திருக்கிறது. அதாவது தளத்தின் கண்ணுக்கு அவர் அந்தப் பெற்றோராகவே ஆகிவிட்டார். கடவுச்சொல்லை மாற்றும் வசதி உள்ளே இருந்தால் அதைக்கூட அழுத்தியிருக்கலாம். எல்லா அமர்வுகளையும் ரத்துச் செய்யச் சொன்னது இதற்காகத்தான். கேட்கும்போது பொலிஸ் விசாரணை போலக் கேட்காதீர்கள், டீச்சர். அவர் உங்களிடம் வந்து சொன்னது பெரிய உதவி. சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் இருக்கலாம்.

பேக் பட்டன்

வரவேற்பு மேசைச் சம்பவம் வேறு வகை. லொக்அவுட் என்பது சேர்வரில் உள்ள அமர்வை முடிக்கும். பிரவுசரில் ஏற்கெனவே இறங்கிய பக்கத்தை அழிக்காது. இது தவிர, பேக் பட்டனுக்கென்றே பிரவுசர்கள் முந்தின பக்கத்தை அப்படியே நினைவில் உறைய வைத்துக்கொள்ளும் வசதி ஒன்றும் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் 2005 முதல் உண்டு, கணினிக்கான குரோமில் 2021இல் வந்தது. நீங்கள் பேக் அழுத்தினால் சேர்வரிடம் எதுவும் கேட்காமல் பழைய திரை கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிடும். செய்தி வாசிப்பவருக்கு அது வசதி. இரண்டு குடும்பங்கள் மாறி மாறி உட்காரும் கணினியில் அது ஆபத்து.

நீங்களே சோதிக்கலாம். லொக்அவுட் செய்து, பேக் அழுத்தி, பழைய பக்கம் வந்ததும் அதில் ஒரு இணைப்பை அழுத்துங்கள். லொகின் கேட்டால் நீங்கள் கண்டது பழைய பிரதி மட்டும். கேட்காமல் உள்ளே போனால் லொக்அவுட்டே சரியாக வேலை செய்யவில்லை. அது இன்னொரு பிழை, தம்பியிடம் தனியாகச் சொல்லுங்கள்.

இன்கொக்னிட்டோவில் (மூடியதும் எதையும் வைத்துக்கொள்ளாத பிரவுசர் ஜன்னலில்) திறந்தால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். மேசைக் கணினிக்கு ஓரளவு உதவும், ஆனால் ஒவ்வொரு பெற்றோருக்குப் பிறகும் எல்லா இன்கொக்னிட்டோ ஜன்னல்களையும் மூட வேண்டும். ஒன்று திறந்தே கிடந்தால் உள்ளே உள்ளது அழியாது. தெஹிவளைப் பிரச்சினைக்கு அதனால் துளியும் பயன் இல்லை. முகவரியில் பூட்டு அடையாளம் இருக்கிறதே என்றும் எழுதியிருந்தீர்கள். எச்டிடிபிஎஸ் பூட்டு வழியில் போகும்போது யாரும் எட்டிப் பார்க்காமல் காக்கும். வந்து சேர்ந்த பிறகு பிரவுசர் சேமிப்பதை அது தடுக்காது. வேகம் கூட்டும் சேவையோ அந்தப் பூட்டைத் திறந்து உள்ளடக்கத்தைப் பார்த்துத்தான் வேலை செய்கிறது.

மேசைக் கணினியில் கடவுச்சொல்லை நினைவில் வைக்கும் வசதியையும் இன்றே நிறுத்துங்கள். காலி வீதியில் உள்ள கொமியூனிகேஷன் கடைகளில் அறிக்கையைப் பிரிண்ட் எடுக்கும் பெற்றோரும் இருப்பார்கள். அந்தக் கணினிகள் உங்கள் கையில் இல்லை. அதனால்தான் இதைப் பெற்றோரின் பொறுப்பாக விடக் கூடாது என்கிறேன்.

லொகின் செய்தும் லொகின் பக்கமே வருவது

மற்ற இரண்டும் சுலபமானவை.

லொகின் செய்யாமல் முகப்புக்குப் போனால் சேர்வர் "லொகின் பக்கத்துக்குப் போ" என்று திருப்பி அனுப்பும். அதை 301 என்ற எண்ணோடு அனுப்பினால் "நிரந்தரமாக இடம் மாறிவிட்டது" என்று பொருள். பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொண்டு, லொகின் ஆன பிறகும் சேர்வரைக் கேட்காமல் தானாகவே லொகின் பக்கத்துக்குப் போய்விடும். 302 அல்லது 303 என்று அனுப்பியிருக்க வேண்டும். தம்பி எண்ணை மாற்றினாலும், ஏற்கெனவே 301ஐ மனப்பாடம் செய்துவிட்ட போன்கள் மாறாது. அதற்கு எளிய வழி, முகப்புப் பக்கத்துக்குப் புதிய முகவரி ஒன்றைக் கொடுத்து, லொகின் ஆனவர்களை நேரே அங்கே அனுப்புவது. பழைய முகவரியை மறந்துவிடலாம்.

கட்டணம் "செலுத்தப்படவில்லை" என்று காட்டியது பழைய பிரதி. காசு வந்ததும் பதிந்ததும் தரவுத்தளத்தில் சரியாகவே இருக்கும். எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்று சேர்வர் எதுவும் சொல்லாவிட்டால் பிரவுசரும் நடுவிலுள்ள சேவையும் தாமே ஊகித்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. பக்கம் கடைசியாக மாறி 10 நாள் ஆகியிருந்தால், அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு நாள், புதிது என்று வைத்துக்கொள்வது வழக்கமான ஊகம். ஒருவரை இரண்டாம் முறை கட்ட வைக்க ஒரு நாள் தாராளம். வங்கிக் கூற்றையும் தரவுத்தளத்தையும் ஒப்பிட்டு, இரண்டு தரம் கட்டியவர் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். காசைத் திருப்பிக் கொடுப்பதா அடுத்த மாதத்துக்கு வரவு வைப்பதா என்பதை அவரையே கேட்டுச் செய்யுங்கள். நீங்களாக வரவு வைத்துவிட வேண்டாம்.

அந்தத் தம்பியிடம்

இந்தப் பகுதியை அவரிடம் அப்படியே காட்டலாம்.

தம்பி, ஒரு பெயரோ புள்ளியோ தொகையோ வரும் எந்தப் பக்கத்துக்கும் கேஷ்-கொன்ட்ரோல் தலைப்பில் நோ-ஸ்டோர் என்று அனுப்புங்கள். நோ-கேஷ் போதாது. பெயரைக் கேட்டால் "சேமிக்காதே" என்பது போல இருக்கும். உண்மையில் அதன் பொருள் "சேமித்துக்கொள், காட்டுவதற்கு முன் என்னைக் கேள்" என்பது. பேக் பட்டன் அந்தக் கேள்வியைக் கேட்காமலே பழையதைக் காட்டலாம். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கொள்ளுப்பிட்டியில் ஒரு நிறுவனத்தின் சம்பள விவரப் பக்கத்துக்கு நோ-கேஷ் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். அடுத்த நாள் காலை ஓர் உத்தியோகத்தர் பக்கத்து மேசைக்காரரின் சம்பளத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நின்றார். அந்த முகம் இன்னும் நினைவிருக்கிறது. பிரைவேட் என்ற சொல் நடுவிலுள்ள சேவையை விலக்கிவைக்கும், பிரவுசரை விலக்காது. பொதுக் கணினி இருக்கும் இடத்தில் அதுவும் போதாது.

பேக் பட்டன் நினைவகத்துக்காக, பக்கம் மறுபடி தோன்றும்போது வரும் பேஜ்ஷோ நிகழ்வைப் பாருங்கள். நினைவிலிருந்து வந்திருந்தால் பக்கத்தை மீண்டும் ஏற்றச் செய்யுங்கள். லொக்அவுட் பதிலோடு கிளியர்-சைட்-டேட்டா என்ற தலைப்பையும் அனுப்பினால், அதை ஏற்கும் பிரவுசர்கள் தளத்தின் குக்கீயையும் சேமிப்பையும் தாமே துடைத்துவிடும். எல்லாப் பிரவுசரும் ஒரே அளவில் கேட்பதில்லை. ஆகவே அதை மட்டும் நம்ப வேண்டாம்.

தேர்ச்சி அறிக்கையின் பிடிஎஃப்பை மறந்துவிடாதீர்கள். இதுதான் எனக்கு அதிகக் கவலை. வேகம் கூட்டும் சேவைகள் பல, கோப்பின் பெயர் எப்படி முடிகிறது என்று பார்த்தே சேமிக்கின்றன. படமும் பிடிஎஃப்பும் அதில் அடங்கும். பக்கங்களுக்கான விதியை எடுத்துவிட்ட பிறகும் ஒரு பிள்ளையின் அறிக்கை அங்கே கிடந்து, முகவரி தெரிந்த எவருக்கும், லொகின் இல்லாமலே, கிடைத்துக்கொண்டிருக்கலாம். அறிக்கை எண் 57 என்று முகவரியில் இருந்தால் 58ஐப் போட்டுப் பார்க்க தரம் 10 மாணவன் ஒருவனுக்கு அதிக நேரம் எடுக்காது. அறிக்கைக்கும் நோ-ஸ்டோர் கொடுங்கள். ஒவ்வொரு தடவையும் கேட்பவர் யார், அவருடைய பிள்ளையா என்று சேர்வர் சரிபார்க்கட்டும்.

வேகத்தை இழக்கத் தேவையில்லை. இலச்சினை, எழுத்துரு, ஸ்டைல் கோப்பு, ஜாவாஸ்கிரிப்ட் இவற்றுக்கு ஒரு வருடம்கூடக் கொடுக்கலாம். மாற்றும்போது கோப்பின் பெயரை மாற்றினால் சரி. தளத்தின் பாரத்தில் பெரும்பகுதி பெரும்பாலும் அவைதான்.

சோதனையைத் தனியாகச் செய்யாதீர்கள். ஒரே ஒருவர் லொகின் செய்து பார்த்தால் எப்போதும் சரியாகத்தான் வரும், அதனால்தான் இந்தப் பிழை இவ்வளவு நாள் உங்கள் கண்ணில் படவில்லை. இரண்டு போலிக் கணக்கு, இரண்டு போன், ஒன்று வைஃபையில், மற்றது டேட்டாவில். முதலாமவர் உள்ளே போனதும் இரண்டாமவர் போக வேண்டும். இரண்டு பேரும் கொழும்பிலேயே இருங்கள். இந்தச் சேவைகள் நகரத்துக்கு நகரம் தனிப் பிரதி வைப்பதால், ரொறன்ரோவில் உள்ள அண்ணா "இங்கே சரியாக வருகிறது" என்று சொல்வது எதையும் நிரூபிக்காது. பிரவுசரின் டெவலப்பர் கருவியில் பதிலின் தலைப்புகளைப் பாருங்கள். பெயர் உள்ள பக்கத்தில் ஏஜ் என்ற தலைப்பும் அதனருகில் ஓர் எண்ணும் வந்தால், அந்தப் பக்கம் அத்தனை விநாடியாக நடுவில் எங்கோ கிடந்திருக்கிறது என்று பொருள்.

பொலிஸுக்குப் போவதா?

டீச்சர், அத்தானின் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தத் தம்பி மேல் முறைப்பாடு கொடுக்கத் தேவையான எதையும் உங்கள் கடிதத்தில் நான் காணவில்லை. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தில், அனுமதியின்றி நுழைவது குற்றமாவதற்கு, தனக்கு அதிகாரம் இல்லை என்று தெரிந்தும், அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்தும், வேண்டுமென்றே செய்திருக்க வேண்டும். தன் கடவுச்சொல்லைப் போட்டுவிட்டு வேறொருவர் பக்கத்தைக் கண்ட தந்தை அதைச் செய்யவில்லை. வேகம் கூட்டப் போய் விதியைத் தவறாகப் போட்டவரும் அதைச் செய்யவில்லை.

இந்தப் பிழை சின்னப் பொடியன்கள் மட்டும் விடுவதும் அல்ல. 2015 கிறிஸ்மஸ் நாளன்று, ஸ்டீம் என்ற மிகப் பெரிய கணினி விளையாட்டு விற்பனைத் தளம் ஒரு தாக்குதலால் திணறியது. பாரத்தைக் குறைக்க அவசரமாகப் போட்ட கேஷ் விதி ஒன்று லொகின் செய்தவர்களின் பக்கங்களையும் சேமித்துவிட்டது. சுமார் 34,000 பேரின் விவரங்கள் பிறருக்குத் தெரிந்திருக்கலாம் என்று அந்த நிறுவனமே பின்னர் அறிவித்தது. தளம் மெதுவானது, வேகமாக்க ஒருவர் ஒரு விதி போட்டார். உங்கள் கதையும் அதேதான்.

ஆனால் உங்கள் பக்கத்துப் பொறுப்பும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பற்றிய தகவலை விசேட கவனம் தேவையான வகையில் வைக்கிறது. தகவலைச் சேர்த்து, எதற்குப் பயன்படுத்துவது என்று தீர்மானித்தவர் நீங்கள். தளம் கட்டியவர் உங்களுக்காக வேலை செய்தவர். "அவன்தான் செய்தான்" என்று சொல்லி விலக முடியாது. சட்டம் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருவதால், உங்கள் அளவிலான வகுப்புக்கு இன்று என்ன கடமை என்பதை ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள். நான் பொறியியலாளர், அந்த இடத்தில் என் சொல் போதாது. சம்பவம் பற்றித் தொழில்நுட்ப ஆலோசனை வேண்டுமென்றால் இலங்கை சேர்ட் அமைப்புக்கு அறிவிக்கலாம். அது யாரையும் பிடித்துக்கொடுப்பதற்காக அல்ல. இப்படியான சம்பவங்களைக் கையாளவே அந்த அமைப்பு 2006 முதல் இருக்கிறது.

தம்பியோடு நீங்கள் பேசவேண்டியது வேறு. காசு வாங்கிச் செய்தாரா, அன்புக்குச் செய்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. அன்புக்குச் செய்திருந்தால், 140 குடும்பங்களின் விவரத்தை ஓய்வு நேர உதவியில் நடத்த முடியாது என்பதை இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டிய நேரம் இது. மாதத்துக்கு ஒரு தொகை பேசுங்கள். மாற்றம் எதுவானாலும் முதலில் உங்களுக்குச் சொல்லி, சோதித்த பிறகே போட வேண்டும் என்று எழுத்தில் வையுங்கள்.

பெற்றோருக்கு

வட்ஸ்அப் குழுவில் "கேஷை அழியுங்கள்" என்று போட்ட செய்தியை எடுத்துவிடுங்கள். அதில் தவறு பெற்றோருடையது என்ற தொனி இருக்கிறது. அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்:

"எங்கள் தளத்தில் ஏற்பட்ட பிழையால் கடந்த சில வாரங்களில் சிலரின் விவரப் பக்கம் வேறு சிலருக்குத் தெரிந்திருக்கிறது. யாரும் கடவுச்சொல்லைத் திருடியதாக அறிகுறி இல்லை. பிழை நிறுத்தப்பட்டுவிட்டது. எல்லோரும் ஒருமுறை புதிதாக லொகின் செய்து கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுங்கள். வேறொரு பிள்ளையின் விவரம் உங்களுக்குத் தெரிந்திருந்தால் தயவுசெய்து என்னிடம் நேரில் சொல்லுங்கள், அந்த ஸ்கிரீன்ஷொட்டை யாருக்கும் அனுப்ப வேண்டாம். நடந்ததற்கு வருந்துகிறேன்."

இதைச் சோதனை முடிந்த பிறகு அனுப்புங்கள். நிறுத்தப்பட்டுவிட்டது என்று எழுதும்போது அது உண்மையாக இருக்க வேண்டும். யாருடைய விவரம் தெரிந்தது என்று உறுதியாக அறிந்த இரு குடும்பங்களுக்கும் குழுச் செய்தி போகமுன் தனியாகச் சொல்லிவிடுங்கள். குழுவில் அவர்கள் பெயரோ, நிலுவை என்ற சொல்லோ வேண்டாம்.

பிள்ளையை நிறுத்திய அந்தத் தாயிடம் போனில் பேச வேண்டாம், வீட்டுக்குப் போங்கள். கேஷ், பிரவுசர் எதையும் விளக்கத் தேவையில்லை. மற்றவர் கண்ணில் பட்டது உண்மை, அது என் தளத்தால் நடந்தது, மேசைக் கணினியை எடுத்துவிட்டேன் என்று சொல்லுங்கள். அதைச் சொல்லும் நேரத்தில் கணினி உண்மையிலேயே மேசையில் இருக்கக் கூடாது. போனில் பார்க்க வசதியில்லாத பெற்றோருக்குப் புள்ளிகளைத் தாளில் அச்சிட்டு, மடித்து, பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள்.